சங்கம் மெஷின் வாங்கித் தரலாம் என்றால் ஆஸ்பத்திரி ஏன் இழுக்கிறது?

கேள்வி | 2025 பிப்ரவரி 9

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த குடும்பங்கள்தான் எங்கள் சங்கத்தில் முக்கால்வாசி. வீட்டுக்கு வீடு இனிப்புநீர், தெருவுக்குத் தெரு டயாலிசிஸ். கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. ஒரு சேல்ஸ்காரர் நல்ல விலைக்கு டயாலிசிஸ் மெஷின் தருகிறேன் என்றார். வாங்கிக் கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், நன்றி சொல்லி, பூர்த்தி செய்ய ஒரு கட்டு விண்ணப்பப் பாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இனாமாகக் கொடுப்பதற்கே இத்தனை யோசனையா? கமிஷன் வராத மெஷின் இவர்களுக்கு வேண்டாம் போலிருக்கிறது. உள்ளே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்.

பழைய வார்டு சிஸ்டர் | பிப்ரவரி 9, இரவு

வேலை பார்த்தவள்தான். பேராக் மாநிலத்தில் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் வார்டு சிஸ்டராக இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன். வாங்கும் மெஷினைச் சோதித்து மார்க் போடும் டெக்னிகல் கமிட்டியில் உட்கார்ந்த அனுபவமும் உண்டு. கமிஷன் வாங்குகிறவன் ஒருத்தன்கூட இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன் தம்பி. ஆனால் உங்கள் மெஷின் நிற்பது அதனால் இல்லை. வந்து இறங்கிய பிறகு அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதில்தான் நிற்கிறது. டயாலிசிஸ் என்பதால் நிஜத் தண்ணீரையும் சேர்த்தே சொல்கிறேன். நாளைக்கு எழுதுகிறேன், பேரன் டேப்லட்டுக்கு அழுகிறான்.

பிப்ரவரி 10

முதலில் கவர்மெண்டு எப்படி வாங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் இனாம் மெஷினை ஏன் முறைத்துப் பார்க்கிறார்கள் என்பது தானாக விளங்கும்.

வார்டில் ஒரு சாமான் வேண்டும் என்றால் டிபார்ட்மெண்டு தேவையை எழுதிக் கொடுக்கும். ஏன் வேண்டும், இருப்பது எத்தனை, அதில் எத்தனை ரிப்பேர், மாதம் எத்தனை கேஸ், யார் ஓட்டுவார், எங்கே வைப்பது. பழைய மெஷினுக்குப் பதில் என்றால், இனிமேல் ரிப்பேர் செய்வது கட்டுப்படியாகாது என்று சான்றிதழ் வேண்டும். அதற்குப் பிறகு ஸ்பெக், அதாவது மெஷின் எப்படி இருக்க வேண்டும் என்ற பட்டியல், எழுத ஒரு கமிட்டி. ஸ்பெக்கில் பிராண்டு பெயர் போடக்கூடாது. எழுதியவர்களே பிறகு மார்க் போடவும் கூடாது.

சின்னத் தொகை என்றால் நேரடியாக வாங்கலாம். அதற்கு மேலே செபுட் ஹர்கா, அதாவது சில கம்பெனிகளிடம் விலை கேட்பது, அதற்கும் மேலே டெண்டர். நான் இருந்த காலத்தில் பல வருஷம் 500,000 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டினால் டெண்டர். டெண்டரில் தொழில்நுட்பக் காகிதம் ஒரு உறையில், விலை இன்னொரு உறையில். டெக்னிகல் கமிட்டிக்கு விலை தெரியாது. எங்கள் முன்னால் சாமானும் ஸ்பெக்கும் மட்டும். வரி வரியாக ‘இணங்குகிறது’, ‘இணங்கவில்லை’ என்று போட்டுக்கொண்டே போவோம். விலையைப் பார்ப்பது வேறு கமிட்டி. இரண்டு அறிக்கையும் கொள்முதல் வாரியத்துக்குப் போகும்.

கேட்பதற்கு ரொம்பச் சுத்தமாக இருக்கிறது அல்லவா? உண்மையான சண்டை எல்லாம் டெண்டர் திறப்பதற்கு முன்பே, ஸ்பெக் எழுதும் மேசையில் முடிந்துவிடும். அந்த மேசையில் மெஷினைத் தொடப்போகிறவர் ஒருத்தராவது இருந்தாரா என்பதுதான் நான் எப்போதும் கேட்கும் கேள்வி.

பிப்ரவரி 12

‘கடைசியில் மலிவானதைத்தானே வாங்குகிறார்கள்’ என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். ஸ்பெக்கை முழுசாகத் தாண்டியவற்றில் மலிவானதற்குக் கை நீளும், அது உண்மை. ஆனால் எது மலிவு?

குளுக்கோஸ் பார்க்கும் சின்ன மீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரைச் சும்மா கொடுப்பான். ஸ்டிரிப்பில் வாங்கிவிடுவான். லேப்பில் இரத்தம் சோதிக்கும் பெரிய அனலைசரும் அப்படித்தான்: மெஷினை இனாமாக வைத்துவிட்டு, இத்தனை வருஷத்துக்குச் சோதனை மருந்தான ரீஏஜெண்டை எங்களிடமே வாங்கு என்று ஒப்பந்தம். அது தப்பில்லை, சில ஆஸ்பத்திரிக்கு அதுதான் நல்ல வழி. கணக்கைப் போட்டுப் பார்த்து நுழைய வேண்டும், அவ்வளவுதான். நரம்பு வழியே சொட்டு மருந்து ஏற்றும் பம்பில் சில மாடலுக்கு அந்தக் கம்பெனி டியூப்தான் போகும், வேறு டியூப் போட்டால் அளவு தவறும். பம்ப் விலையில் ஆயிரம் வெள்ளி குறைத்தவன் டியூப்பில் ஐந்தே மாதத்தில் திருப்பி எடுத்துவிடுவான்.

அதனால் விலை என்றால் மெஷின், டியூப், பேட்டரி, வருஷாந்திர சர்வீஸ், சாப்ட்வேர், வாரண்டி முடிந்த பிறகு ஒரு போர்டு மாற்ற ஆகும் காசு, எல்லாம் சேர்த்து. உங்கள் சேல்ஸ்காரர் இதில் எதைச் சொன்னார்?

பிப்ரவரி 15

வாங்கும் முன் மெஷினை ஓட்டிப் பார்க்கும் டெமோ பற்றிக் கேட்டீர்கள். இது எனக்குப் பிடித்த பகுதி, நீளமாகத்தான் போகும்.

ஒரு சமயம் இரண்டு கம்பெனி பம்பை வார்டில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒன்று பார்க்க அழகு, தொட்டால் திறக்கும் ஸ்கிரீன். இன்னொன்று பழைய மாதிரி, பொத்தான். டாக்டர்களுக்கு அழகுதான் பிடித்தது. சேல்ஸ்காரர் மத்தியானம் வந்து ஏசி ரூமில் காட்டினால் எல்லாமே நன்றாக வேலை செய்யும். நான் இரவு ஷிப்டில் வைக்கச் சொன்னேன்.

இரவில் பார்த்தது: கிளவுஸ் ஈரமாக இருந்தால் அழகு ஸ்கிரீன் கேட்கவில்லை. விளக்கை அணைத்த வார்டில் அதன் வெளிச்சம் பக்கத்துக் கட்டில் நோயாளியை எழுப்பியது. அலாரம் அடித்தால் எந்தக் கட்டில் என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. பொத்தான் பம்பில் சிவப்பு விளக்கு தலைக்கு மேலே எரிந்தது, கவுண்டரிலிருந்தே தெரிந்தது. நோயாளியை எக்ஸ்ரேக்கு அனுப்பும்போது பிளக்கைப் பிடுங்கினோம். ஒன்றின் பேட்டரி தாங்கியது, மற்றது லிப்ட் வாசலிலேயே கத்த ஆரம்பித்தது.

புள்ளி சமாச்சாரம் இன்னும் முக்கியம். 10.0 என்று அடிக்கப் போய் 100 ஆகிவிட்டால்? ஒரு தடவை அழுத்திய எண் இரண்டு தடவை பதிவானால்? கற்பனை என்று நினைக்காதீர்கள். 2005 முதல் 2009 வரை அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எப்டிஏவுக்குப் பம்ப் சம்பந்தமாக வந்த புகார் சுமார் 56,000. அதே காலத்தில் 87 தடவை பம்புகளைத் திரும்ப அழைத்தார்கள். 2010ல் எப்டிஏ உட்கார்ந்து அலசியபோது சாப்ட்வேர் கோளாறு, குழப்பமான ஸ்கிரீன், பேட்டரி, இந்த இரட்டைப் பதிவு எல்லாமே வெளியே வந்தது. எல்லாம் சர்டிபிகேட் வாங்கி விற்ற பம்புகள்தான்.

நர்ஸ்களிடம் பாரம் கொடுத்து மார்க் போடச் சொன்னால் எல்லாரும் 4க்கு டிக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அதனால் நான் பாரத்தை நம்புவதில்லை. ‘இந்த மருந்தை இந்த வேகத்தில் போடு’ என்று ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று பார்ப்பேன். புதுசாகச் சேர்ந்த பெண் எங்கே தடுமாறுகிறாளோ அங்கேதான் அந்த மெஷினின் குணம் தெரியும்.

பிப்ரவரி 15, பிறகு

சேல்ஸ்காரர்கள் கொண்டுவரும் கேக் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 22

ஸ்பெக்கை ஒரே கம்பெனிக்குத் தைத்துக் கொடுப்பார்களா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நடக்கும். பிராண்டு பெயர் இருக்காது, ஆனால் ‘ஸ்கிரீன் 10.4 அங்குலம், எடை 2.3 கிலோ, கைப்பிடி இடது பக்கம்’ என்று இருக்கும். உலகத்தில் ஒரே மெஷினுக்குத்தான் அந்தச் சட்டை பொருந்தும். ஒவ்வொரு வரிக்கும் ‘இது நோயாளிக்கு எதற்கு?’ என்று கேட்டால் போதும். பதில் இல்லாத வரி எல்லாம் சந்தேக வரி.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். குறுகலான ஸ்பெக் எல்லாமே திருட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐசியூ, வார்டு, எமர்ஜென்சி மூன்றிலும் ஒரே மாடல் பம்ப் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு நியாயம் உண்டு. ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு பம்ப் இருந்தால், ஷிப்ட் மாறி வரும் பிள்ளை அவசரத்தில் பழைய வார்டுப் பழக்கத்தில் பொத்தானை அழுத்துவாள். ஸ்பேர் பார்ட்ஸும் நாலு வகை வாங்க வேண்டும். அப்போது ஸ்பெக் குறுகத்தான் செய்யும். யார் நன்மைக்குக் குறுகுகிறது என்பதைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தால் நான் கையெழுத்துப் போடுவேன்.

மார்ச் 2

‘இவ்வளவு விதி இருந்தும் 136 வென்டிலேட்டர் கதை எப்படி நடந்தது’ என்று ஒருத்தர் குத்தியிருக்கிறார். நல்ல குத்து.

கோவிட் நேரம். சுகாதார அமைச்சுக்காக வாங்கிய, மூச்சுக்கு உதவும் மெஷின் 136. அவற்றில் 28தான் உருப்படியாக இருந்தது, 108 பயன்படவில்லை. 13 மில்லியன் வெள்ளிக்கு மேல் நஷ்டம் என்று 2023ல் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவரைக்கும் போனது. உலகமே வென்டிலேட்டருக்கு அடித்துக்கொண்ட நேரம், அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனால் முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. அதனால் கெட்டுப்போன மெஷினுக்கு யாரிடம் போய்க் காசு கேட்பது என்று நின்றுவிட்டார்கள்.

இதையே திருப்பிப் பாருங்கள். உங்கள் சங்கம் கொடுக்கும் மெஷின் ஆறாம் மாதம் நின்றுவிட்டால் ஆஸ்பத்திரி யாரைப் பிடிக்கும்? வாங்கியது சங்கம், வாரண்டி சங்கத்தின் பெயரில். சேல்ஸ்காரர் போனை எடுக்க மாட்டார். நாட்டில் கவர்மெண்டு ஆஸ்பத்திரி மெஷின்களைப் பராமரிப்பது 1997லிருந்து கவர்மெண்டு ஒப்பந்தம் பெற்ற தனியார் நிறுவனங்கள். ஆஸ்பத்திரி சொத்துப் பதிவில் ஏறாத மெஷினை அவர்கள் ஆள் தொடமாட்டார், தொட்டால் அவர் வேலை போகும். பதிவில் ஏற வேண்டுமென்றால் அனுமதி வேண்டும், சோதித்துப் பார்த்த அறிக்கை வேண்டும், மேனுவல் வேண்டும். உங்கள் கையில் கொடுத்த பாரக்கட்டு அதற்குத்தான் தம்பி.

மார்ச் 9

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் பற்றி ஒரு அக்கா கேட்டார். டயாலிசிஸை விட்டு விலகிப் போகிறது, பரவாயில்லை. நம் ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

அந்தக் கருவி தோல் வழியே இரண்டு விதமான ஒளியை அனுப்பி இரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று கணக்குப் போடும். ஜப்பானில் தக்குவோ அவோயாகி 1974ல் கண்டுபிடித்த வழி. தோல் கறுப்பாக இருந்தால் கணக்கு கொஞ்சம் ஏறிப்போகும். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. கருவி 92 முதல் 96 சதவீதம் என்று காட்டிய நேரத்தில் நிஜ இரத்தச் சோதனையில் 88க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். மூன்று மடங்கு.

எப்படி விட்டார்கள்? எப்டிஏயின் 2013 வழிகாட்டுதலைப் பாருங்கள்: குறைந்தது 10 பேர் மேல் சோதித்தால் போதும், அதில் கறுத்த தோல்காரர் இரண்டு பேர், அல்லது 15 சதவீதம், எது அதிகமோ அது. பத்துப் பேரில் இரண்டு பேர்! 2025 ஜனவரியில்தான் அதை மாற்றி, 150 பேர் அல்லது அதற்கு மேல், பலவகைத் தோலோடு சோதிக்க வேண்டும் என்று வரைவு போட்டார்கள்.

அப்படியானால் ஈப்போவிலோ தைப்பிங்கிலோ உட்கார்ந்து மார்க் போடுகிற கமிட்டி என்ன கேட்க வேண்டும்? ‘துல்லியம் ±2’ என்று எழுதிய வரிக்கு டிக் போடுவதோடு நிறுத்தாமல், ‘யார் தோலில் ±2?’ என்று கேட்க வேண்டும். நான் இருந்த காலத்தில் அந்த வரி ஸ்பெக்கில் கிடையாது. இப்போது இருக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் சேர்த்துவிடுங்கள்.

டெமோவுக்கு வரும் கம்பெனி ஆள் தன் சிவந்த விரலை நீட்டிக் காட்டுவார். எங்கள் அட்டெண்டன் அண்ணன் ஒருவர், தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டப் போன கை, தோல் தடித்து வெயிலில் காய்ந்தது, ‘என் விரலில் மாட்டு’ என்பார். அவர்தான் எங்கள் ஸ்டாண்டர்டு.

மார்ச் 16

‘மலேசியாவில் பதிவு நம்பர் இருக்கிறது, அது போதாதா’ என்று சேல்ஸ்காரர் சொன்னாராம். போதாது.

2012ல் வந்த 737ஆம் சட்டப்படி எல்லா மருத்துவக் கருவியும் மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிய வேண்டும். ஆபத்தைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று நாலு வகுப்பு. சாதா பேண்டேஜ் ஏயில் வரும், இதயத்தில் வைக்கும் ஸ்டெண்ட் டியில். டயாலிசிஸ் மெஷின் சி. பதிவு இல்லாமல் விற்பது குற்றம். பதிவு ஐந்து வருஷத்துக்குத்தான், அதனால் தேதியையும் பாருங்கள். ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். கம்பெனி பெயர், மாடல் எண் இரண்டும் பிரௌஷரில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ‘அதே மாதிரிதான், அடுத்த மாடல்’ என்பது எடுபடாது.

ஆனால் பதிவு சொல்வது இந்த நாட்டில் விற்கலாம் என்பதை மட்டும். கார் ஓட்ட லைசென்ஸ் எடுத்தவன் எல்லாம் கேமரன் மலைக்கு லாரி ஓட்டுவானா? உங்கள் ஆஸ்பத்திரிக்கு, உங்கள் நர்ஸ்களுக்கு, உங்கள் பிளக்குக்கு ஏற்றதா என்று ஆணையம் சொல்லாது, அது அவர்கள் வேலையும் இல்லை. புதுசாக ஒரு சிகிச்சை முறையே பயன் உள்ளதா என்று பார்க்க சுகாதார அமைச்சில் 1995லிருந்து மாத்தாஸ் என்று தனிப் பிரிவு இருக்கிறது. அது நாடு முழுதுக்குமான கேள்வி. வார்டுக் கேள்வியை வார்டுதான் கேட்க வேண்டும்.

மார்ச் 30

தண்ணீர் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு ஊர்க்கதை பேசுகிறேன் என்று நினைவூட்டிய தம்பிக்கு நன்றி.

டயாலிசிஸில் நிமிடத்துக்கு அரை லிட்டர் திரவம் ஓடும். நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். வாரத்துக்கு மூன்று தடவை. ஒரு ஆளுக்கே இவ்வளவு. சவ்வு ஒன்றுதான் நடுவே, அந்தப் பக்கம் நோயாளியின் இரத்தம். குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லப் போடும் குளோராமைன் உள்ளே போனால் சிவப்பணு உடையும். அதனால் கரித்தொட்டி, கடினத்தன்மை எடுக்கும் தொட்டி, ஆர்ஓ என்ற நுண்வடிகட்டி, அதற்குப் பிறகு கிருமி சோதனை. ஆர்ஓவில் உள்ளே போகும் தண்ணீரில் ஒரு பங்கு கழிவாக வெளியே போகும். நம் டவுனில் தண்ணீர் நிற்கும் நாள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு மெஷினைச் சேர்க்கிறோம் என்றால் ஆர்ஓ தாங்குமா, தொட்டி போதுமா, ஜெனரேட்டர் இழுக்குமா, பயிற்சி பெற்ற நர்ஸ் இருக்கிறாரா, கட்டில் போட இடம் உண்டா. ஹெபடைட்டிஸ் பி இருப்பவருக்குத் தனி மெஷின், தனி இடம், அது வேறு கணக்கு. சாயங்காலமானால் இடி. பேராக் மழையில் மின்னல் இறங்கிக் கருகிப்போன போர்டுகளை, மெஷின் ரிப்பேர் பார்க்கும் பயோமெடிக்கல் பையன்கள் அலமாரி நிறைய வைத்திருப்பார்கள். சர்ஜ் பாதுகாப்பு ஸ்பெக்கில் இருக்கிறதா?

இருக்கும் மெஷின்களோடு மாடல் ஒத்துப்போவதும் முக்கியம். பத்து மெஷின் ஒரு மாடல், உங்கள் ஒன்று மட்டும் வேறு என்றால், இரத்தம் வடிகட்டும் டயாலைசர், இரத்தம் ஓடும் டியூப் பொருந்துகிறதா பார்க்க வேண்டும், நர்ஸ்களுக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும், ஸ்பேர் பார்ட்ஸும் தனியாக வைக்க வேண்டும். வடக்கே ஒரு ஆஸ்பத்திரியில் அப்படி வந்த இனாம் மெஷின் ஒன்று பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் ஸ்டோரில் நின்றது. கொடுத்தவர்களின் பெயர் பலகை மட்டும் பளபளப்பாக இருந்தது.

ஏப்ரல் 6

‘அப்படியென்றால் ஏழைகள் பணம் சேர்த்து எதுவுமே செய்யக்கூடாதா’ என்று கோபமாக ஒரு கேள்வி. ஐயா, நான் அப்படியா சொன்னேன்? அப்போது அமைச்சராக இருந்த சம்பந்தன் ஐயா 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளிகள் சிறுகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கினார்கள். அவர் நம் தொகுதிக்காரர். 2008லிருந்து பத்து வருஷம் ஒரு நெஞ்சக டாக்டரே இந்த ஊருக்கு எம்பியாக இருந்தார். சுகாதாரம் பேசத் தெரியாத ஊரா இது?

சேர்த்த பணத்தை வைத்து எதை வாங்குவது என்று சேல்ஸ்காரரிடம் கேட்காமல் டயாலிசிஸ் யூனிட்டில் இருக்கும் சிஸ்டரிடம் கேளுங்கள் என்கிறேன். ‘உங்களுக்கு என்ன குறை’ என்று கேட்டால் பெரும்பாலும் மெஷின் வராது. நாற்காலி வரும், எடை பார்க்கும் தராசு வரும், வீட்டிலிருந்து நோயாளியைக் கூட்டி வரும் வேன் வரும். இது பலகையில் பெயர் போட அழகாக இருக்காது, தெரியும்.

ஏப்ரல் 27

கேள்வி கேட்ட தம்பி தனியாக எழுதியிருந்தார், அவர் அனுமதியோடு இங்கே போடுகிறேன். சங்கத்தில் மூன்று பேர் போய் யூனிட் சிஸ்டரைப் பார்த்தார்களாம். மெஷின் ஒதுக்கீடு ஏற்கெனவே மேலே கேட்டு வைத்திருக்கிறார்கள். தோட்டப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு வேன் இல்லாமல் சிலர் வாரத்தில் ஒரு முறையை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் சிஸ்டரின் கவலை. வேன் வாங்குவதா, இருக்கும் வேனுக்கு டிரைவர் சம்பளமும் பெட்ரோலும் கொடுப்பதா என்று சங்கத்தில் சண்டை நடக்கிறதாம். என்னைக் கேட்டால் டிரைவர். வேனுக்கும் இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ், டயர் என்று அதே கதைதான்.

சேல்ஸ்காரர் இப்போது பக்கத்து டவுன் சங்கத்தில் பேசிக்கொண்டிருக்கிறாராம். அங்கே யாராவது இதைப் படிக்கிறீர்களா?

மே 4

வீட்டுக்கு பிபி செட் எது வாங்குவது என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள், ஒரே பதிலாகச் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் கட்டுவது வாங்குங்கள். பதிவு நம்பரைத் தேடிப் பாருங்கள். பட்டையின் அளவு பெட்டி மேலேயே சென்டிமீட்டரில் போட்டிருக்கும். உங்கள் மேல்கையைத் தையல் டேப்பால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பட்டை சின்னதாக இருந்தால் பிபி இருப்பதைவிட ஏறிக் காட்டும், பருமனான அம்மாக்களுக்கு வீண் பயம், வீண் மாத்திரை. அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது செட்டையும் எடுத்துக்கொண்டு போய், அங்கே பார்க்கும் பிபியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ரொம்ப வித்தியாசம் என்றால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.